சொல்லும் ஒரு முதலே

சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் புகார்க் கடற்கரையின் இரவுக் காட்சி ஒன்று வருகிறது. வண்ணமும் சந்தனமும் மலரும் விற்போர் ஏற்றிய விளக்கு, பிட்டு வணிகரின் விளக்கு, அப்பம் விற்போரின் கரிய அகல் விளக்கு, இடையிடையே மீன் விற்போரின் விளக்கு என்று இளங்கோவடிகள் ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டுகிறார். வெண்கடுகு ஒன்று மணலில் விழுந்தாலும் கண்டெடுத்துவிடலாம் என்னும்படி அங்கே ஒளி பரவிக் கிடக்கிறது. வகுப்பறையில் இப்பகுதியை நாம் வருணனை நயத்திற்காகப் பாராட்டிவிட்டு அடுத்த காதைக்குச் சென்றுவிடுகிறோம். வணிகக் கண்ணோடு நோக்குவார்க்கு வேறொன்றும் புலப்படும். இருட்டில், மக்கள் நெருக்கத்தில், நூறு கடைகளுக்கு நடுவே, ‘இங்கே கிடைப்பது இன்னது’ என்பதைத் தொலைவிலிருந்தே சொல்லிவிடும் பணியை அவ்விளக்குகள் செய்கின்றன. அதே காப்பியத்தின் இந்திரவிழவு ஊரெடுத்த காதையிலோ, பண்டசாலைப் பொதிகளின்மீது உடையவர் பெயரும் எண்ணும் குறியும் பொறிக்கப்பட்டிருந்தன என்று கூறப்படுகிறது. தன் பொருள் இன்னது, இவ்வளவினது, இன்னாருடையது என்று அறிவிக்கும் ஒழுங்கு தமிழ் வணிகர்க்குப் புதிதன்று.

இன்று நம் ஊர்களில் புதிதாகத் தொடங்கப்பெறும் சிறுகடைகளை எண்ணிப் பார்க்கிறேன். பட்டம் பெற்று ஓரிரு ஆண்டுகள் வேலைக்கு அலைந்த இளைஞர், தந்தையாரின் சேமிப்பையும் தாயாரின் நகையையும் முதலாக்கி ஒரு கடை திறக்கிறார். பத்துப் பதினைந்து ஆண்டுகள் வளைகுடா நாடுகளில் உழைத்துத் திரும்பியவர், கையிலுள்ள தொகையை ஊரிலேயே ஒரு தொழிலில் போடுகிறார். திறப்பு விழாவில் துஆ ஓதப்பெறுகிறது, இனிப்பு வழங்கப்பெறுகிறது, உறவினர் திரண்டு வருகின்றனர். முதல் மாதத்து வியாபாரம் பெரும்பாலும் அவ்வுறவினர் செய்த வியாபாரமே. மூன்றாம் மாதத்தில் அது வற்றிவிடும். பிறகு கடைக்காரர் நாற்காலியை வாயிலில் போட்டுக்கொண்டு தெருவைப் பார்த்திருப்பார். ஓராண்டு நிறையும் முன்பே கதவு இறக்கப்பட்டுவிடும் கடைகளும் உண்டு. இதற்கு வாடகை, கடன் நிலுவை, இடத்தின் குறை என்று காரணங்கள் பல கூறலாம், அவையும் உண்மையே. எனினும் பெரிதும் கவனிக்கப்படாத காரணம் ஒன்று உண்டு. ‘நீங்கள் ஏன் எங்கள் கடைக்கு வரவேண்டும்?’ என்னும் வினாவிற்கு அக்கடை ஒருநாளும் விடை சொன்னதே இல்லை.

“பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு?” என்று பெரியவர்கள் கேட்பார்கள். பொருள் நன்றாயிருந்தால் மக்கள் தாமே தேடி வருவார்கள் என்பது அவர்கள் கருத்து. அவர்தம் அனுபவத்தை நான் மதிக்கிறேன். ஆயின், பூக்கடைக்கு விளம்பரம் தேவையில்லாமல் போனதற்குக் காரணம், மணமே தெருவுக்கு வந்து அழைத்துவிடுகிறது என்பதுதான். நல்ல தையலுக்கு மணம் ஏது? கலப்படமற்ற மிளகாய்த்தூள் மூடிய பொட்டலத்துக்குள் இருக்கிறது. பழுது நீக்கிய மின்விசிறி எத்தனை ஆண்டு ஓடும் என்பது அதைப் பார்த்த மாத்திரத்தில் தெரிவதன்று. இப்பொருள்களுக்கெல்லாம் பூவின் மணம் செய்யும் வேலையைச் சொல்தான் செய்தாக வேண்டும்.

அந்தச் சொல் எப்படியிருக்க வேண்டும்? கடைத்தெருவில் ஒருமுறை நடந்து பலகைகளைப் படித்து வாருங்கள். ‘தரம், நம்பிக்கை, நாணயம்’ என்பது எத்தனை பலகைகளில் இருக்கிறது! ‘சிறந்த முறையில்’, ‘குறைந்த விலையில்’, ‘உங்கள் மனம் கவர்ந்த’ என்பனவும் அவ்வாறே. இவை பொய் அல்ல. ஆனால் எதையும் சொல்லாத சொற்கள். ஒரு சொற்றொடர் விற்பனைச் செய்தியாகுமா என்பதை அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. அதனை அப்படியே எடுத்து எதிர்க்கடைப் பலகையில் எழுதினாலும் பொருந்துமாயின், அது செய்தியாகாது. ஆம்பூரில் சீரகச் சம்பா அரிசியில் சமைத்துக் கத்தரிக்காயோடு பரிமாறுகின்ற பிரியாணிக்கு அவ்வூரின் பெயர் செய்தியாக இருந்தது. மாநிலம் முழுதும் தெருவுக்கொரு பலகை ‘ஆம்பூர் பிரியாணி’ என்று தொங்கும் இந்நாளில், புதிதாக அதே பெயரை எழுதுபவர் மற்றவர்களோடு வரிசையில் நிற்கிறார், அவ்வளவே.

நம்மவர் கடைகளைப் பற்றி ஒன்றைத் தயக்கத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. மக்கா, மதீனா என்னும் திருநகரங்களின் பெயரைக் கடைக்குச் சூட்டுவதும், மேலே 786 என்று எழுதுவதும் நம் பற்றின் அடையாளங்கள். பரக்கத்தை நாடி வைக்கும் பெயரைக் குறைகூற யார்க்கும் உரிமையில்லை. ஆனால் அது கடைக்காரருக்கும் இறைவனுக்கும் இடையிலான செய்தி. கடைக்கு வருபவருக்கான செய்தியை அதன்கீழ்த் தனியாக எழுதத்தான் வேண்டும். நம் கடைகளில் பொருள் வாங்குவோரில் எல்லாச் சமயத்தவரும் உளர் என்பதை எண்ணினால் இதன் தேவை இன்னும் தெளிவாகும். இறைச்சிக் கடையிலும் உணவகத்திலும் ‘ஹலால்’ என்று எழுதுவது வேறு. அதனைத் தேடி வருபவர்க்கு அது வேண்டிய தகவல். அங்கே அதுவே ஒரு செய்தி.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். சிற்றூர் ஒன்றில் பட்டதாரி ஒருவர் தையற்கடை வைக்கிறார் என்று கொள்வோம். பலகையில் ‘நவநாகரிகத் தையலகம். ஆண்கள், பெண்கள், சிறுவர் உடைகள் சிறந்த முறையில் தைத்துத் தரப்படும்’ என்று எழுதுகிறார். இதைப் படித்து யாரும் நின்றதாகத் தெரியவில்லை. ஏனெனில் தையற்கடையில் உடை தைத்துத் தருவார்கள் என்பது ஊரறிந்த செய்தி. அவ்வூர்த் தாய்மார்களைக் கேட்டுப் பாருங்கள், அவர்களுடைய துன்பம் வேறு. ஜூன் மாதம் பள்ளி திறக்கிறது. பிள்ளைக்குச் சீருடை வேண்டும். துணி கொடுத்து மூன்று வாரம் ஆகிறது. போகும்போதெல்லாம் “காஜா எடுக்கிற பையன் வரவில்லை, நாளைக்கு வாங்க” என்கிறார்கள். பள்ளியிலோ சீருடையின்றி வந்த பிள்ளையை எழுப்பி நிறுத்துகிறார்கள். இத்துன்பத்தை அறிந்த அவ்விளைஞர் தம் பலகையை மாற்றுகிறார்: ‘பள்ளிச் சீருடை: அளவு கொடுத்த பத்தாம் நாள் கையில். தவறினால் தையற்கூலி இல்லை.’

பத்தே சொற்கள்தாம். ஆனால் யாருக்கு என்பது அதில் இருக்கிறது. என்ன கிடைக்கும், எப்போது கிடைக்கும் என்பன இருக்கின்றன. சொன்னது நடவாவிட்டால் இழப்பு யாருடையது என்பதும் இருக்கிறது. அழகு என்றோ நாகரிகம் என்றோ ஒரு சொல்கூட இல்லை. பள்ளிவாசல் திண்ணையிலும் ரேஷன் கடை வரிசையிலும் ஒருவர் மற்றொருவருக்கு மறவாமல் சொல்லக்கூடிய சொற்றொடர் அது. இன்று கைப்பேசியில் வாட்ஸ்அப் வழியாக ஒரு நொடியில் ஊரெங்கும் அனுப்பலாம் என்பது உண்மைதான். ஆயினும் வாயால் சொல்ல வராத செய்தியைக் கைப்பேசியில் அனுப்பினாலும் யாரும் மற்றொருவருக்குக் கடத்துவதில்லை.

இங்கேதான் விளம்பரம் எழுதுவது எளிது, அதனைக் காப்பது அரிது என்பது வெளிப்படுகிறது. அக்கடையில் நான்கு தையல் பொறிகள். நாளொன்றுக்குப் பன்னிரண்டு உடைகள் முடியும் என்று கொண்டால், பத்து நாளில் 120 உடைகள் முடியும். மே மாதக் கடைசியில் இருநூறு பேர் துணியோடு வந்து நிற்கிறார்கள். பலகை எழுதிய கை அப்போது என்ன செய்யும்? வந்த காசை விடுவானேன் என்று இருநூறையும் வாங்கிப் போட்டுக்கொண்டால், பத்தாம் நாள் எண்பது வீடுகளில் அக்கடையின் பெயர் கெடும். 121ஆவது துணியை வாங்கும்போதே, ‘அம்மா, இது பத்து நாளில் முடியாது, பதினேழாம் நாள்தான் தர முடியும், சம்மதமா?’ என்று கேட்கத் துணிவு வேண்டும். ‘பிளவுஸ் தைப்பதில்லை’ என்று தங்கையின் தோழியிடம் சொல்வதற்கும் துணிவு வேண்டும். செய்தி ஒன்றைத் தேர்ந்தெடுப்பவர் ஒன்பதைக் கைவிடுகிறார். புதிய கடைக்காரர்களுக்கு இது கசக்கும். வருகிற யாரையும் விடக்கூடாது என்ற அச்சம் அவர்களுக்கு இருக்கும். எல்லாரையும் அழைக்கும் பலகை எவரையும் அழைப்பதில்லை என்பதைக் காலியான நாற்காலிதான் அவர்களுக்குக் கற்பிக்கிறது.

சிறுமுதலோடு தொடங்கி ஒரு தெளிந்த செய்தியால் வளர்ந்த தொழில்கள் நம் அண்மையிலேயே உண்டு. கடலூரைச் சேர்ந்த சி.கே.ரங்கநாதன் 1983ஆம் ஆண்டில் 15,000 ரூபாய் முதலீட்டில் ‘சிக்’ ஷாம்பூவைத் தொடங்கினார். ஷாம்பூவைச் சிறு உறையில் அடைத்து விற்கும் முறையை அவர்தம் தந்தையார் சின்னிகிருஷ்ணன் முன்பே கையாண்டிருந்தார். மகன் தம் பொருளுக்குச் சூட்டிய பெயரும் தந்தையின் பெயரெழுத்துகளிலிருந்து பிறந்ததே. புட்டியாக வாங்க இயலாத சிற்றூர் மக்களுக்கு, ஒருமுறை தலைக்குக் குளிக்கும் அளவு சில காசுகளுக்குக் கிடைக்கிறது என்பதே அவருடைய செய்தி. ஊர் ஊராகச் சென்று சிறுவர்களின் தலையைக் கழுவிக் காட்டி, நுரையையும் முடியின் மென்மையையும் தொட்டுப் பார்க்கச் செய்தார்கள். பின்னர், எந்த நிறுவனத்தின் உறையாயினும் ஐந்து காலி உறைகளைக் கொண்டுவந்தால் ஒரு சிக் உறை இலவசம் என்றார்கள். மக்கள் பழகியபின், சிக் உறைகளுக்கு மட்டுமே என்று திட்டத்தைச் சுருக்கினார்கள். படிப்பறியாதவர்க்கும் விளங்கிய கணக்கு இது. பெரிய நிறுவனங்கள் கூந்தலின் அழகைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது இவர் அளவையும் விலையையும் பற்றிப் பேசினார்.

அதே 1983இல் கேரளத்தின் திருச்சூர்ப் பகுதியில் எம்.பி.இராமச்சந்திரன் 5,000 ரூபாய் முதலோடு தொடங்கிய ‘உஜாலா’வையும் இவ்விடத்தில் நினைக்கலாம். நீலப்பொடி கரையாமல் வெள்ளைத் துணியில் திட்டுத் திட்டாகப் படிவது இல்லத்தரசிகளின் அன்றாடக் குறை. அவருடைய திரவ நீலம் ‘நான்கு சொட்டுப் போதும்’ என்றது. அளவையே செய்தியாக்கிவிட்டமையால், வீட்டில் வாளியின்முன் நிற்கும்போதும் அச்செய்தி நினைவில் இருந்தது. விற்பனைப் பெண்கள் சிலர் வீடு வீடாகச் சென்றே அதனை முதலில் பரப்பினர்.

இச்செய்திகள் வென்றமைக்குக் காரணம் சொல்வன்மை மட்டுமன்று. வாங்கியவர் தம் வீட்டிலேயே அதனைச் சோதித்துப் பார்க்க முடிந்தது. சோதித்தால் பொய்யாகும் செய்தி, சொல்லாத செய்தியினும் கேடு தருவது. இவ்விடத்தில் நம் மார்க்கம் மிகத் தெளிவாகப் பேசுகிறது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றினுள் கையை நுழைத்துப் பார்த்தபோது விரல்களில் ஈரம் பட்டதையும், மழையில் நனைந்துவிட்டது என்று வணிகர் கூறியபோது, மக்கள் காணும்படி அதனை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டதையும், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்ததையும் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். இந்நிகழ்ச்சியைக் குத்பா மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். விளம்பரத்தோடு இணைத்துப் பார்ப்பதில்லை. கலப்படம் செய்யாதே என்பதோடு இதன் பாடம் முடிவதில்லை. குறையும் செய்தியின் ஒரு பகுதி என்றும், அது கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. விளம்பரத்தில் நிறையைப் பெரிய எழுத்திலும் குறையை அடியில் எறும்பு எழுத்திலும் அச்சிடும் இக்கால வழக்கம், ஈரத் தானியத்தை அடியில் தள்ளிய பழைய வழக்கமேயன்றி வேறில்லை. அளவையில் மோசடி செய்வோரைக் கண்டிக்கும் தனி அத்தியாயமே திருக்குர்ஆனில் 83ஆவதாக இருக்கிறது. பட்டினப்பாலை பாடிய உருத்திரங்கண்ணனாரும், கொள்வதில் மிகையும் கொடுப்பதில் குறையும் இல்லாதவர் என்று காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் போற்றுகிறார்.

வணிகத்தில் ஈடுபடுவதைக் கீழான வழியாக நம் முன்னோர் கருதியதில்லை. மக்காவைத் துறந்து வெறுங்கையராய் மதீனா வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள், தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்த அன்சாரித் தோழருக்காகப் பிரார்த்தித்துவிட்டுச் சந்தை எங்கே என்றுதான் கேட்டார்கள். நெய்யும் உலர்ந்த பாலாடைக்கட்டியும் விற்றுத் தொடங்கினார்கள். திருச்சியில் 1951ஆம் ஆண்டு தோன்றிய ஜமால் முகமது கல்லூரியும் அதன் நிறுவனர்களாகிய ஜமால் முகமது சாகிபு, காஜாமியான் இராவுத்தர் என்னும் வணிகப் பெருமக்களின் ஈகையால் எழுந்ததே. கடை வைக்கும் இளைஞரை ‘வேலை கிடைக்காதவர்’ என்று பேசும் வழக்கம் நம்மிடையே எப்படி நுழைந்ததோ, தெரியவில்லை.

பத்தமடைப் பாயைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில் தாமிரபரணிக் கரைக் கோரையைக் கீறி, ஓடும் நீரில் ஊறவைத்து, நூலினும் மெல்லியதாக்கி, நம் சமுதாயப் பெண்கள் கைத்தறியில் நெய்கின்ற பாய் அது. இழை எண்ணிக்கை கூடக் கூடப் பாய் பட்டைப்போல் மென்மையாகித் துணியைப்போல் மடிக்க வருகிறது. 1953இல் எலிசபெத் அரசியார் முடிசூடியபோது அவர்தம் பெயர் நெய்யப்பட்ட பாய் ஒன்று இங்கிருந்து பரிசாக அனுப்பப்பட்டது. புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. இவ்வளவு பெருமையும் இருக்க, கண்காட்சி ஒன்றில் இப்பாயை விற்பவரிடம் ‘அருகிலுள்ள பாய் சில நூறு ரூபாய், இது மட்டும் ஏன் பல ஆயிரம்?’ என்று கேட்டால், ‘இது உலகப்புகழ் பத்தமடைப் பாய்’ என்ற விடைதான் வருகிறது. சில நூறு ரூபாய்ப் பாய்க்கும் அதே பெயர்தானே! நெகிழிப் பாய் வீடுதோறும் புகுந்துவிட்ட காலத்தில் புகழ் மட்டும் பாயை விற்காது.

பத்தமடையிலிருந்து படித்து வந்த பெண்ணொருத்தி புதிதாக இத்தொழிலைத் தொடங்குவாளாயின், ஒவ்வொரு பாயோடும் ஓர் அட்டையைக் கட்டித் தரலாம். இழைகள் எத்தனை, பாவு பருத்தியா பட்டா, நெய்ய எத்தனை நாள் ஆயின, நெய்தவர் யார் என்று அதில் எழுதலாம். அந்நான்கு செய்திகளும் விலையைத் தாமே விளக்கிவிடும். அடியில், அதே அளவு எழுத்தில், ‘ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூசணம் பிடிக்கும், நிழலில் உலர்த்துக’ என்றும் எழுதட்டும். குறையைச் சொன்னால் வாங்க வந்தவர் போய்விடுவார் என்று அஞ்ச வேண்டியதில்லை. அந்த ஒரு வரியைப் படித்தவர் மற்ற நான்கையும் நம்புவார். நெய்தவரின் பெயரை எழுதுவது குறித்துச் சிலர் தயங்கக்கூடும். வீட்டுப் பெண்ணின் பெயர் வெளியே போகலாமா என்பர். பெயர் வேண்டாமெனில் ஒரு குறியாவது இருக்கட்டும். அக்குறியைப் பார்த்து இரண்டாவது பாய்க்கு ஆணை வரும்போது, நெய்தவருக்கு இடைத்தரகரிடம் கூலி கேட்கும் வலிமையும் வரும்.

இதில் தமிழ்த்துறைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நிறையவே இருக்கிறது. இதுபோன்ற மலர்களின் பின்பக்கங்களைப் புரட்டினால், ‘நல்வாழ்த்துகளுடன்’ என்று மேலே எழுதி, கடைப்பெயரும் முகவரியும் மட்டும் அச்சிட்ட முழுப்பக்க விளம்பரங்களைக் காண்கிறோம். அன்பினால் தரப்பட்ட அந்நன்கொடைக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் பக்கத்திற்குப் பணம் கொடுத்த வணிகருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்று எண்ணுகிறோமா? அவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டு எழுதித் தரும் தமிழும் அவருக்குக் கிடைக்கவில்லை. சொற்சுருக்கமும் பொருள் தெளிவும் பயில்விக்கின்ற துறை நம்முடையது. ஏழு சீரில் ஓர் உலகை அடக்கிய குறள் படித்த மாணவரால் ஒரு கடையின் வாக்கைப் பன்னிரண்டு சொற்களில் அடக்க முடியாதா?

எனவே ஒரு பயிற்சியை முன்மொழிகிறேன். இரண்டாம் ஆண்டு மாணவர்கள் இருவர் இருவராகக் கல்லூரியைச் சுற்றியுள்ள சிறுகடைகளுக்குச் செல்லட்டும். உரிமையாளரிடம் மூன்று வினாக்கள் கேட்கட்டும். உங்களிடம் மீண்டும் மீண்டும் வருபவர் யார்? உங்கள் கடை ஒருவாரம் மூடிக்கிடந்தால் அவருக்கு எது குறையும்? கூட்டம் மிகுந்த நாளிலும் நீங்கள் தவறாமல் காப்பாற்றக்கூடிய வாக்கு எது? மூன்றாம் வினாவிற்கு வரும் விடையே செய்தி. அதனை உரிமையாளர் பேசும் தமிழிலேயே, மிகையின்றி, பிழையின்றி எழுதி ஓர் அட்டையில் தொங்கவிட வேண்டும். வணிகவியல் துறை மாணவர்கள் அட்டை தொங்குவதற்கு முந்தைய மாதத்துப் பில்களையும் அடுத்த மாதத்துப் பில்களையும் ஒப்பிட்டுக் கணக்கெடுக்கலாம். வியாபாரம் கூடவில்லையெனில் செய்தி தவறா, வாக்குத் தவறியதா என்று இரு துறையும் அமர்ந்து ஆராயலாம். முதற்கடையாக, கல்லூரிகளின் வாயிலில் இருக்கும் நகலகம் ஒன்றையே எடுத்துக்கொள்ளலாம். தேர்வுக் காலத்தில் அங்கே வரிசை எதுவரை நீள்கிறது என்பதும், அவ்வரிசையில் நிற்பவர் எந்தச் சொல்லைக் கேட்க ஏங்குகிறார் என்பதும் மாணவர்களுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.